நாலில் ஒன்று

வர்க்கிச்சனின் ஏலக்காய்க் கிட்டங்கி கேரளத்தில் இருக்கிறது,
அதன் கழிப்பறை தமிழ்நாட்டில்.
சர்வர் ரெண்டுக்கும் நடுவே, மாடிப்படிக்குக் கீழே,
ஈரம் ஏறாமலிருக்க ஒரு பிளைவுட் பலகைமேல்.

கம்பம்மெட்டு வளைவுகளில் ரெண்டு முறை வாந்தியெடுத்த
பையனின் பக்கத்தில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன்.

"திங்கக்கிழமை கரண்ட் போய் வந்ததுலேருந்து இப்படித்தான்க்கா"
என்றாள் ரெஜினாமேரி.
எடை போட்டு எண்டர் தட்டினால்
ஒரு டீ குடித்துவிட்டு வரலாமாம்.
சிலது ஏறும். சிலது
ஏறிய பிறகு காணாமல் போகும்.
"பேய்தான்" என்றாள். சிரிக்கவில்லை.

பிங் அடித்தேன்.
பதில். பதில். நேரம் கடந்தது. பதில்.
நாலில் ஒன்று மலையிறங்கிப் போய்விடுகிறது.

கேபிளைச் சந்தேகித்தேன், மாற்றினேன்.
ஸ்விட்சைச் சந்தேகித்தேன், அதன் பச்சை விளக்குகள்
ஒன்றுமறியாதவன்போலக் கண் சிமிட்டின.
எலி கடித்த இடத்தை மோந்துகூடப் பார்த்தேன்,
ஏலவாசனைதான் வந்தது.

கணக்கு ஓடுவது மெய்யான பெட்டியில் அல்ல,
அதற்குள் குடிவைத்த ஒரு பொய்ப் பெட்டியில்.
உடம்பு கிடையாது. மெமரி வாடகைக்கு, டிஸ்க் வாடகைக்கு,
நெட்வொர்க் கார்டு வெறும் பேச்சுக்கு.
பதினாறு ஜிபியில் பதினைந்தரை போயிருந்தது.
யார் தின்கிறார்கள்?

ஒன்றும் தோன்றாமல், கடைசியில்,
அந்தப் பொய்ப் பெட்டியின் பொய்க் கேபிளை
மவுஸால் பிடுங்கிவிட்டு
பிங் அடித்தேன்.

பதில் வந்தது.

பிடரி மயிர் நின்றது, சொல்வதற்கென்ன.
ரெஜினாமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பட்டியலைக் கீழே கீழே தள்ளிப் போனால்
டெஸ்ட்-2.
ஷிஜு, அயர்லாந்துக்குப் போகுமுன்
சோதனைக்கென்று எடுத்துவைத்த நகல்.
ரெண்டு வருஷம் அணைந்து கிடந்தது.
கரண்ட் வந்ததும் எல்லோரையும் எழுப்பிய பெட்டி
அதையும் எழுப்பிவிட்டது.
அதே பெயர், அதே முகவரி, அதே பேரேடு.
கூப்பிட்ட குரலுக்கு ரெண்டும் "இதோ" என்றன.
பாதி மெமரியை ஒன்று, பாதியை இன்னொன்று,
பெட்டி மூச்சுக்கு டிஸ்க்கைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"களஞ்ஞேக்கு" என்றார் வர்க்கிச்சன், தூசி தட்டுவதுபோல.

விரல் போனது. நின்றது.
உள்ளே திறந்து பார்த்தேன்.
ஷிஜு விட்டுப்போன நாள்வரை கணக்கு,
பிறகு ரெண்டு வருஷ வெற்று,
பிறகு திங்கள், செவ்வாய், புதன்:
முப்பத்தேழு மூட்டை.
சிட்டம்மாள், ரெண்டு நாள் கூலி.

காணாமல் போனவை எங்கும் போயிருக்கவில்லை.
முந்திக்கொண்டு பதில் சொன்னவனிடம்
நம்பி ஒப்படைத்திருந்தது கிட்டங்கி.

அவள் வாசலில்தான் நின்றாள்,
கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி வருகிறவள்.
கம்ப்யூட்டரில் பேர் இல்லையென்று
திருப்பியனுப்பியிருக்கிறார்கள்.
ஏலக்கறை ஏறிய விரல்களை விரித்துக் காட்டி
"இதுல இருக்கில்ல?" என்றாள்.
அவள் மஞ்சப்பைக்குள் ரெண்டு ரேஷன் அட்டை,
மலைக்கு மேலே ஒரு கதவு எண், கீழே ஒன்று.
நான் எதுவும் கேட்கவில்லை.

ஏழு மணியிலிருந்து பத்துவரை
ரெஜினாமேரி வாசிக்க நான் அடித்தேன்,
ஒன்றிலிருந்து மற்றதற்கு, மூட்டை மூட்டையாக.
சிட்டம்மாள் பெயர் வந்ததும்
அவள் கொஞ்சம் உரக்க வாசித்தாள்.

நகலை அழிக்கவில்லை.
அதன் கார்டைக் கழற்றி, தானாக எழும் வழக்கத்தை நிறுத்தி,
பெயரை "எழுப்பாதே" என்று மாற்றினேன்.
பிங் அடித்தேன். நாலுக்கு நாலு.

பில்லைப் பார்த்த வர்க்கிச்சன்
ஒன்றை அணைப்பதற்கு இவ்வளவா என்றார்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும்
என் போனுக்குக் கேரள டவர் ஒரு வணக்கம்,
தமிழ்நாட்டு டவர் ஒரு வணக்கம்.
ஐந்தாவது வளைவில் ரெண்டும் இல்லை.
அந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டவர்களுக்கு
யார் பதில் சொன்னார்களோ.